லேபிளில் எழுதிய பெயர்

இன்று மகளுடன் குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அடுத்த வாரம் அவளுக்கு எடைக் குறைப்பு ஆபரேஷன்.

மருந்து கவுன்ட்டரில் இருந்த ஃபார்மசிஸ்ட் சின்னப் பெண். மகள் சாப்பிடும் மாத்திரைகளையெல்லாம் வாங்கிப் பார்த்து, எதை எப்போது நிறுத்த வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ரத்தம் கட்டாம இருக்க ஊசி போடணும்க்கா. வெயிட் பார்த்துதான் டோஸ். இந்தப் பேப்பர்ல எழுதிக் குடுங்க, போதும்."

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "நூத்திப் பதினெட்டு கிலோம்மா!" என்றேன், உரக்க.

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சார், நான் அக்காவைத்தானே கேட்டேன்?"

நானும் இந்தத் தொழிலில் இருந்தவன்தான். எழுபதுகளில் தாம்பரத்தில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர். மருந்து பாட்டில்கள் மாறிவிடாமல் இருக்க லேபிளில் ஏதாவது அடையாளம் எழுதிவைப்பேன். உடம்பு இளைக்க மருந்து கேட்டு வந்த ஒரு கணக்கு டீச்சரின் பாட்டிலில் 'குண்டு டீச்சர்' என்று எழுதினேன்.

அவர் அதைப் படித்துவிட்டார். "இதுவா தம்பி என் பேரு?" என்று கேட்டார்.

நான் சிரித்தேன்.

பாட்டிலை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனவர், திரும்ப வரவே இல்லை.

இன்று ஆட்டோ பொழிச்சலூரில் எங்கள் வீட்டு வாசலில் நின்றதும், மகள் மருந்துப் பையை எடுத்துக்கொண்டு தனியாக உள்ளே போய்விட்டாள்.

அந்த டீச்சரிடம் கணக்கு படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர் பெயரைச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்தது நான் எழுதிய பெயர் மட்டும்தான்.