ரத்தான விமானத்துக்கு ஒரு சாட்சி

விமான நிலைய வாசலில் துப்பாக்கியோடு நின்ற காவலர் என் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "கேன்சல், கேன்சல்" என்று ஓரமாகப் போகச் சொல்லிக் கையை ஆட்டினார். ஓரத்தில் என்னை மாதிரியே ஒரு கூட்டம் பெட்டிகளோடு நின்றது. விமானக் கம்பெனிச் சட்டை போட்ட ஒரு பெண் நடுவில் மாட்டிக்கொண்டு, "நேத்தே மெசேஜ் அனுப்பிட்டோம் சார், உங்களுக்கு வரலையா?" என்று எல்லாரிடமும் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கு வரவில்லை. டிக்கெட் போட்ட ஏஜெண்ட் என் போன் நம்பருக்குப் பதிலாகத் தன் நம்பரைக் கொடுத்திருந்தான். எங்கள் பக்கத்தில் அவன் மூலமாக வெளிநாடு போகிற எல்லாருக்கும் அவன் நம்பர்தான். நம் நம்பரைக் கொடுத்தால் நாமே கம்பெனியோடு பேசிவிடுவோமாம். மெசேஜ் அவனுக்குப் போயிருக்கிறது. அவன் பார்க்கவில்லையா, பார்த்தும் சொல்லவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

போன் போட்டேன்.

"அண்ணா, அங்க ராக்கெட் வுட்டுக்கினு கீறாங்கண்ணா. வானத்தையே மூடிட்டாங்க. நான் இன்னா பண்ணட்டும்? ஊட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு, ரெண்டு நாள்ல வேற டிக்கெட் போட்றேன்."

"திங்கக்கெழம நான் அங்க நிக்கணும்டா."

"கம்பெனிக்கு மெயில் போட்டாச்சுண்ணா. டென்ஷன் ஆவாத."

டென்ஷன் ஆகாமல் என்ன செய்வது? நான் போக இருந்தது வளைகுடாவில் ஒரு எண்ணெய் ஆலையின் ஷட்டவுன் வேலைக்கு. ஆலையை மொத்தமாக நிறுத்தி, வால்வு, குழாய் எல்லாவற்றையும் கழற்றிப் பழுது பார்த்து மாட்டுகிற வேலை. வள்ளூர் அனல் மின் நிலையத்தில் அதைப் பல தடவை செய்திருக்கிறேன். ஷட்டவுன் யாருக்காகவும் காத்திருக்காது. குறித்த நாளில் போய் நிற்காதவன் இடத்தில் வேறு ஆள் நிற்பான். அதைவிடப் பெரிய விஷயம், ஐம்பது வயதைத் தாண்டினால் அங்கே ஃபிட்டராக எடுக்க மாட்டார்கள். எனக்கு நாற்பத்தொன்பது முடிந்து ஐம்பது நடந்துகொண்டிருந்தது. இந்த விமானத்தை விட்டால் எனக்கு வெளிநாடு என்பதே இனி இல்லை. இதை நம்பி கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பார்த்த கான்ட்ராக்ட் வேலையை விட்டு, கேட் பாஸையும் திருப்பிக் கொடுத்திருந்தேன்.

என்னை இறக்கிவிட்ட வாடகைக் கார் அதற்குள் போய்விட்டது. இரண்டு பெரிய பைகளையும் இழுத்துக்கொண்டு மாதவரம் வந்து, அங்கே பஸ் பிடித்துப் புதுவாயல் கூட்டுரோட்டில் இறங்கினேன். கண்டக்டர் பைகளுக்கும் தனியாக டிக்கெட் போட்டான்.

டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"இன்னாபா, காத்தால டாட்டா காட்டிட்டுப் போன. மத்தியானத்துக்குள்ள அந்த ஊரையே சுத்திப் பாத்துட்டியா?"

பெஞ்சில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்த லாரி டிரைவர், "ஊட்டுக்காரி நெனப்பு வந்திருக்கும். பாதியில குதிச்சுட்டாரு" என்றான்.

"ஆமா. மேல பறந்துகினு இருக்கச் சொல்லோ இந்தக் கடை டீ நாத்தம் வந்துச்சு. மயக்கமாயி எறங்கிட்டேன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "சாப்ட்டியா?" இரண்டாவதாகச் சொன்னது, "நல்ல வேள." இந்த இரண்டாவது வார்த்தையைத்தான் அடுத்த நாலு நாளும் தெருவே சொன்னது. எங்களுடையது பெரும்பாலும் சபைக்குப் போகிற குடும்பங்கள். அப்பா காலத்தில் ரெட்டியார் வயலில் நாற்று நட்டவர்கள், இப்போது கம்பெனிகளில் ஷிப்ட் பார்க்கிறவர்கள். வருகிறவர் எல்லாரும் டிவியில் பார்த்த நெருப்பைப் பற்றிப் பேசிவிட்டு, "கர்த்தர் உன்னக் காப்பாத்தினாரு" என்று முடித்தார்கள். நான் போக இருந்த ஊரில் ஒரு ஓடு கூட உடையவில்லை. அங்கே இருந்த எங்கள் ஊர்க்காரர்கள் தினமும் போனில் சொன்னார்கள், வேலை நடக்கிறது, சாப்பாடு கிடைக்கிறது என்று. சொன்னால் யாரும் கேட்கவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை சாயங்காலம் என் சிநேகிதன் வந்தான். அவனும் ஃபிட்டர். பதினைந்து வருஷம் ஒரே கான்ட்ராக்டரிடம் ஒன்றாக வேலை பார்த்தோம். அதே ஏஜெண்ட், அதே கம்பெனி, ஆனால் அவனுக்கு விசா அடித்தது அடுத்த பேட்ச்சில். அவர்கள் எங்களுக்குப் பின்னால் ஒரு மாதம் கழித்துப் போக வேண்டியவர்கள்.

"உடு மச்சான். போன உசுரு திரும்பி வந்த மாதிரின்னு நெனச்சிக்க" என்றான். டீ குடித்தான். என் பேரனைக் கொஞ்சினான். போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை எதிர் வீட்டுப் பெண் வந்து வாசலில் நின்றாள். நிற்கிற நிற்பிலேயே எதற்கோ கூச்சப்படுகிறாள் என்று தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் ஒருவன் வெளிநாடு போகிறான் என்றால் தெருவே அவன் பையில் ஏறிக்கொள்ளும். யாரும் கேட்க மாட்டார்கள். கட்டில்மேல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். பழவேற்காட்டு நெத்திலிக் கருவாடு, மாங்காய் ஊறுகாய், சர்க்கரை மாத்திரை, குழந்தையின் போட்டோ, ஒருவருக்கு இட்லிப் பொடி, இன்னொருவருக்கு மூட்டு வலித் தைலம். என் இரண்டு பைகளில் என்னுடையது என்று இருந்தது நாலு சட்டையும் ஒரு போர்வையும்தான்.

"அண்ணா, தப்பா நெனச்சுக்காத. அந்தக் கருவாட்டு பார்சலக் குடுத்துட்றியா? உள்ளயே இருந்தா புழு வெச்சிடும்."

"வெயில்ல காய வெக்கவா?"

"இல்லண்ணா... நாயித்துக்கெழம ஆள் போவுது. அதுல குடுத்து வுட்லாம்னு."

"யார் போறது?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "உனுக்குத் தெரியாதா? உன் தோஸ்துதான். கொழும்பு வழியா ஃப்ளைட் வுட்டுட்டாங்களாம், அதுல போறாராமே. கட்டில்ல எடம் இல்ல, அவ்ளோ பார்சல் வந்துட்ச்சு."

நான் பையைத் திறந்து கருவாட்டை எடுத்துக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அடுத்த பேட்ச் ஒரு மாதம் கழித்துத்தானே? ஞாயிறு கிளம்பினால் திங்களன்று அங்கே இருப்பான். திங்களன்று அங்கே இருக்க வேண்டியவன் நான்.

ஏஜெண்ட் சொல்லவில்லை. சிநேகிதன் சொல்லவில்லை. என் வேலை போனது ஒரு கருவாட்டு பார்சல் மூலம் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு இருட்டுவதற்குள் ஒவ்வொருவராக வந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போனார்கள். ஊறுகாய்க்காரம்மா மூடி சரியாக இருக்கிறதா என்று திருகிக்கூடப் பார்த்தாள். நீ இனி என்ன செய்யப் போகிறாய் என்று ஒரு ஆள் கேட்கவில்லை. காப்பாற்றப்பட்டவனிடம் அதை எதற்குக் கேட்பார்கள்?

மறுநாள் திருவள்ளூர் பஸ் பிடித்து மணவாள நகரில் இருக்கிற ஏஜெண்ட் ஆபீசுக்குப் போனேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய், "அவனுக்கு டிக்கெட் இருக்குது, எனக்கு இல்லியா?" என்றேன்.

"உக்காருண்ணா."

"உக்கார வரல."

அவன் சொன்ன நியாயம் இது. ஒரு ஆளுக்கு இரண்டு டிக்கெட் என்றால் கம்பெனி ஒத்துக்கொள்ளாது. என் டிக்கெட் ரத்தானதற்கு விமானக் கம்பெனி பணத்தைத் திருப்பித் தந்தால்தான் எனக்கு அடுத்த டிக்கெட் போட முடியும். அது வர வாரக்கணக்கில் ஆகும். அடுத்த பேட்ச்சுக்கு இன்னும் டிக்கெட்டே போடவில்லை, அதனால் அவர்களுக்குப் புதிதாகப் போடலாம். கம்பெனிக்குத் தேவை தலை எண்ணிக்கைதான், யார் தலை என்பதில்லை. அது நிறைந்துவிட்டால் இந்த ஷட்டவுனுக்கு அப்புறம் ஆள் எடுக்க மாட்டார்கள்.

"அப்ப முன்னாடியே டிக்கெட் போட்டதுதான் நான் பண்ண தப்பா?"

"சண்டைக்கு வராதண்ணா. சிஸ்டம் அப்டி. அடுத்த வாட்டி ஷட்டவுன் வரச் சொல்லோ உனுக்குத்தான் ஃபஸ்ட்டு."

"அடுத்த வாட்டி எனக்கு அம்பது ஆயிருக்கும்டா."

போன் அடித்தது, எடுத்துப் பேசப் போய்விட்டான். மேஜை மேல் இருந்த தண்ணீர் பாட்டிலைத் தட்டிவிட்டு வெளியே வந்தேன். அது ஒரு ஆறுதலும் தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். மனைவிதான் இழுத்துக்கொண்டு போனாள். போன பிறகுதான் தெரிந்தது, போதகர் என் பெயரைச் சாட்சிக்குக் குறித்துவைத்திருக்கிறார் என்று. எங்கள் சபையில் யாருக்காவது நல்லது நடந்தால் எழுந்து மைக்கில் சொல்ல வேண்டும். கேட்கிறவர்கள் ஸ்தோத்திரம் சொல்வார்கள்.

"நம்ம பிரதருக்காகப் போன வாரம் இங்கதான் ஜெபிச்சோம். ஆபத்தான நேரத்துல தேவன் அந்த ஃப்ளைட்டையே நிறுத்தினாரு. பிரதர், வாங்க. வந்து சாட்சி சொல்லுங்க."

முன் வரிசையில் என் சிநேகிதன் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் மனைவி. சாட்சி முடிந்ததும் அவன் பிரயாணத்துக்கு ஜெபம். அதே ஊருக்கு, அதே ஆலைக்கு. என்னைப் போகவிடாமல் காப்பாற்றிய அதே இடத்துக்கு அவனைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்லி ஜெபம். இதில் ஏதோ இடிக்கிறதே என்று அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மைக்கை வாங்கினேன். எனக்கு மேடைப் பேச்சு வராது.

"ஃப்ளைட் கேன்சல் ஆச்சு. அதனால என் வேல போச்சு. அந்த வேலைக்கு இப்ப இவன் போறான். மூணு நாளா தெரிஞ்சும் எங்கிட்ட சொல்லல, எங்க ஊட்ல டீ குடிச்சிட்டுப் போனான். எனக்கு யாரும் ஒரு நல்லதும் பண்ணல. இதான் என் சாட்சி."

மைக்கைக் கொடுத்தேன். பிறகு பின்னாலிருந்து ஒரு பெரியம்மா, காது சரியாகக் கேட்காதவர், பழக்கத்தில் "அல்லேலூயா!" என்றார். அதைக் கேட்டு இன்னும் நாலு பேர் சொன்னார்கள். கீபோர்டு வாசிக்கிறவனும் வழக்கம்போல ஒரு தட்டுத் தட்டினான்.

நான் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். மனைவி பின்னாலேயே வந்தாள். "மானத்த வாங்கிட்டியே. இனி அவன் பொண்டாட்டி மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்?" என்று அழுதாள்.

ஜெபம் முடிந்து அவன் நேராக என்னிடம் வந்தான். கண் சிவந்திருந்தது.

"நான் இன்னா மச்சான் பண்ணுவேன்? வேணாம்னு சொல்லியிருந்தா வேற எவனாவது போயிருப்பான்."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"எப்டிச் சொல்றது? வாய் வரல. டீ குடிச்சிக்கினே இருந்தேன், வாய் வரல."

அது உண்மைதான் என்று எனக்குத் தெரியும். அவன் இடத்தில் நான் இருந்தாலும் போயிருப்பேன். ஆனால் அதை அவனிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"மனசுல வெச்சிக்காத மச்சான்" என்றான்.

"வெச்சிக்கினுதான் இருப்பேன்" என்றேன். "கார் நிக்குது பாரு, கெளம்பு. லேட் ஆயிடப் போவுது."

திங்களன்று காலையில் பழைய கான்ட்ராக்டர் வருகிற நேரம் பார்த்து சிப்காட்டில் அவர் ஷெட் வாசலில் போய் நின்றேன். அவர் வண்டியை நிறுத்தாமலே கண்ணாடியை இறக்கி, "இன்னாபா, ஃபாரின்காரா?" என்று சிரித்தார். ஃபிட்டர் இடத்துக்கு ஆள் போட்டாகிவிட்டதாம். ஹெல்பராக வேண்டுமானால் வரலாம் என்றார்.

உள்ளே போனேன். போன மாதத்தோடு எனக்கு ஐம்பது முடிந்தது. இன்னும் ஹெல்பர்தான்.