பிரியாணி மாஸ்டர் பிய்த்தெறிந்த போர்டு

"...திங்குது வே, நான் வைக்கிற தீயெல்லாம் உம்ம போர்டுதான் திங்குது! தொட்டுப் பாரும்!" என்று கத்தியபடி பிரியாணி மாஸ்டர் என் பிடரியைப் பிடித்துக் குனிய வைத்தார். என் விரலை இழுத்து, அடுப்போரம் நான் மாட்டியிருந்த அந்தச் சர்க்யூட் போர்டின் மேல் அழுத்தினார். சுரீரென்றது. அலறிவிட்டேன்.

மனிதரைக் குறை சொல்ல முடியாது. போன முகூர்த்தத்தில் சோறு வேகாமல் நறுக்கென்று நின்றதற்காக, பந்தியில் எல்லோரும் பார்க்க, பெண்ணின் தாய்மாமன் அவரைக் கன்னத்தில் அறைந்திருந்தான். இன்று இன்னொரு கல்யாணம். பன்னிரண்டு மணிக்குப் பந்தி. இன்றும் வேகவில்லையென்றால் சங்கரன்கோவில் வட்டாரத்தில் இனி ஒருவரும் அவரைக் கரண்டி தொட விடமாட்டார்கள்.

திருவேங்கடம் போகிற சாலையில், உடைமரக் காட்டை ஒட்டி இருந்தது அவருடைய சமையல் கொட்டகை. கரண்ட் கிடையாது. மிக்ஸியையும் செல்போனையும் பிரித்துப் பிரித்தே தொழில் படித்தவன் நான்; அந்தத் தைரியத்தில் அவர் அடுப்பிலிருந்தே கரண்ட் எடுத்துக் கொடுத்திருந்தேன். அடுப்புச் சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே சின்னச் சின்னத் தகடுகள். ஒரு பக்கம் கொதிக்கும், மறுபக்கம் குளிரும். அந்த வித்தியாசத்தில் கரண்ட் பிறக்கும். அதில் அடுப்புக்குக் காற்றடிக்கிற ஃபேன் ஓடும். தீ ஏற ஏறக் கரண்டும் ஏறும் என்பதால் நடுவில் ஒரு போர்டு. ஃபேனுக்குப் பன்னிரண்டு வோல்ட் மட்டும் விட்டுவிட்டு, மிச்சத்தைத் தன் மேலிருக்கும் அலுமினியத் துண்டில் சூடாக்கித் தீர்த்துவிடும்.

"அது திங்கல, அண்ணாச்சி. கூடுதலா வாரதக் கழிச்சு விடுது. இல்லேன்னா ஃபேன் வெறி பிடிச்சு ஓடும்."

"வெறி பிடிக்கணும்னுதான வே சொல்லுதேன்! இது என்ன, பச்சப்புள்ள பாலுக்கு ஊதுத மாதிரில்லா ஊதுது!"

உதை வாங்கப் போகிற நேரத்திலும் அந்தப் பேச்சை ரசித்தேன். என் புத்தி அப்படி.

அடுத்த நொடி போர்டைப் பிய்த்துச் சாம்பலில் எறிந்தார். ஒயரைப் பல்லால் உரித்து, தகட்டிலிருந்து நேரே ஃபேனுக்கு முறுக்கினார். தடுக்கக் கை நீட்டினேன். முழங்கையால் என் வாயில் ஓர் இடி. ரத்தம் உப்புக் கரித்தது.

ஃபேன் விர்ரென்று எழுந்தது. "பாரும் வே, இதுல்லா காத்து!" என்று சிரித்தார். காற்று கூடவும் தீ கூடியது. தீ கூடவும் கரண்ட் கூடியது. கரண்ட் கூடவும் காற்று இன்னும் மூர்க்கமாகியது. கழுத்தில் கத்தி விழுந்த கிடாய் போல ஃபேன் கதறியது. கங்குகள் ரவை ரவையாகத் தெறித்து என் சட்டையில் ஓட்டை போட்டன. தீ அடுப்பு வாயை மீறிப் பாய்ந்து அவர் புருவத்தையும் பாதி மீசையையும் வழித்துக்கொண்டு போனது. பிரியாணித் தேக்சாவுக்குள் கறி அடிப்பிடிக்கிற வாடை.

"ஒயர அறுங்க, அண்ணாச்சி!"

வெறுங்கையால் பிடித்து இழுத்தார். உருகிய ஒயர் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது. உதறியதில் தோலும் சேர்ந்து வந்தது. கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லி, இரும்புக் கரண்டியை இடது கையால் ஓங்கி ஃபேன் மேல் போட்டார். ஒரே அடி. இறக்கை சிதறி அவர் முன்னங்கையையே கிழித்தது.

தீ அடங்கியது. அடங்கியது மட்டுமல்ல, படுத்தே விட்டது. இந்த ரகளைக்குச் சற்று முன்னேதான் அரிசி தேக்சாவுக்குள் விழுந்திருந்தது.

நான் சாம்பலுக்குள் துழாவிப் போர்டை எடுத்தேன். நல்லாத்தான் இருந்தது.

"மாட்டித் தொலையும் வே."

"மாட்டலாம் அண்ணாச்சி. சுத்துததுக்கு ஃபேன்தான் இல்ல."

நொறுங்கிக் கிடந்ததைப் பார்த்தார். என் உதட்டைப் பார்த்தார். "மணி என்ன?"

"பதினொண்ணு."

வெந்த கையில் துண்டைச் சுற்றிக்கொண்டார். ஓலைச் சந்தில் செருகியிருந்த இரண்டு இரும்பு ஊதுகுழாய்களை உருவி, ஒன்றை என் மடியில் எறிந்துவிட்டு, மற்றொன்றைக் கருகின மீசைக்குக் கீழே வைத்து, மண்ணில் முட்டி போட்டு ஊத ஆரம்பித்தார்.