மூட்டைக்குள் போட்ட மரியாதை

மஹ்ஜபீன் ஹாம்பர்க்கில் உலர் பழம் இறக்குமதி செய்கிறாள் என்று சொன்னால், கேட்பவர்கள் அவளைப் பெரிய பணக்காரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அவள் விற்ற சரக்கைவிட நிராகரிக்கப்பட்ட சரக்குதான் அதிகம். பஞ்ச்ஷீர் பள்ளத்தாக்கிலிருந்து கல்யாணமாகி வந்தவள், ஓட்டல் அறைகளைத் துடைத்துப் பெருக்கிச் சேர்த்த காசில் இந்தத் தொழிலைத் தொடங்கினாள். புருஷன் டாக்ஸி ஓட்டுகிறான். பழம் என்று பேச்செடுத்தாலே அவனுக்குத் தலைவலி வந்துவிடும்.

முதலில் ஆப்ரிகாட் வரவழைத்தாள். நிறம் மங்காமல் இருக்கட்டும் என்று ஊரில் கந்தகப் புகையைத் தாராளமாகக் காட்டியிருந்தார்கள். கந்தகம் அதிகம் என்று துறைமுகத்தில் நிறுத்திவிட்டார்கள். அடுத்தது உலர் திராட்சை. அதில் பூஞ்சை நச்சு. போகட்டும் என்று, அவள் ஊர்க்காரர்கள் குளிர்காலம் முழுக்க ரொட்டிக்குப் பதிலாகவே தின்னும் வெள்ளை மல்பெரிக்கு வந்தாள். மண்கூரையில் கொட்டிக் காயவைத்தால் மண் ஒட்டாமல் வேறென்ன ஒட்டும்? அதுவும் போயிற்று.

ஒவ்வொரு தடவையும் கெட்ட சேதி சொன்னவர் லூட்கே. வெளிநாட்டு உணவுப் பொருட்களைச் சோதிக்கும் அதிகாரி. அந்த மனிதர் ஒரு நாளாவது எரிந்து விழுந்தால், இவளும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தி ஆத்திரத்தைத் தீர்த்துக்கொள்வாள். அவரோ சரக்கை நிராகரித்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார். எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஊரில் சரக்குப் பிடித்து அனுப்புகிறவர் அவளுடைய தாய்மாமன் மீர் ஆலம். அவர் வேறு ரகம்.

"கூரையில கொட்டாதீங்க மாமா. சுத்தமான துணி விரிச்சு, மேல வலை கட்டுங்க."

"ஏம்மா, எங்கப்பா, எங்க தாத்தா எல்லாம் இந்தக் கூரையில காஞ்சதைத் தின்னு செத்தா போனாங்க?"

"செத்துத்தானே போனாங்க?"

"தொண்ணூறு வயசுலடி!"

திட்டித் திட்டியே துணி விரித்தார், வலை கட்டினார். பழத்தைத் தொடுகிற பெண்களைக் கை கழுவச் சொல்லி, அவர்களிடம் வசவும் வாங்கிக்கொண்டார். போன கோடையில் மாதிரிக்கு ஒரு பை வந்தது. மஹ்ஜபீன் அதைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினாள். கந்தகம் இல்லை, பூஞ்சை இல்லை, ஈரமும் அளவோடு இருந்தது. நகரம் முழுக்கக் கிளை வைத்திருக்கும் ஒரு கடையின் ஆட்கள், சரக்கும் இதே மாதிரி வந்தால் வருஷா வருஷம் வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். அவள் கையிலிருந்ததை எல்லாம் அதில் போட்டாள். இதுவும் போனால் மறுபடி ஓட்டலில் வாளியைத் தூக்க வேண்டியதுதான் என்று புருஷனிடம் அவளே சொல்லியிருந்தாள்.

சரக்கு வந்தது. லூட்கே அவளைத் துறைமுகத்துக்குக் கூப்பிட்டார்.

"திருமதி ரஹீமி, மல்பெரி அருமையா இருக்கு. இவ்வளவு சுத்தமா நான் பார்த்ததே இல்ல."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஆனா உள்ள வால்நட் இருக்கே."

திறந்து வைத்திருந்த மூட்டையை எட்டிப் பார்த்தாள். வெள்ளைப் பழங்களுக்கு நடுவே, பக்குவமாக உடைத்து எடுத்த வால்நட் பருப்புகள்.

"நானே உக்காந்து பொறுக்கி எடுத்துடறேன்."

"பருப்பைப் பொறுக்கலாம், தூளை எப்படிப் பொறுக்குவீங்க? வால்நட் ஒத்துக்காத குழந்தை தின்னா தொண்டை வீங்கி மூச்சே நின்னுடும். பை மேல வெறும் மல்பெரின்னுதானே எழுதப் போறீங்க?"

"வால்நட்டும் இருக்குன்னு எழுதிடறேன்."

"எவ்வளவுன்னு எழுதுவீங்க? ஒரு மூட்டையில ரெண்டு கை இருக்கு, இன்னொண்ணுல நாலே நாலு. இறக்குமதிக் காகிதத்துல வால்நட்டே கிடையாது. அதுல பூஞ்சை இருக்கான்னு யாரும் பார்க்கவும் இல்ல. திருப்பி அனுப்புங்க, இல்லன்னா எரிக்கணும். தண்ணி குடிக்கிறீங்களா?"

திருப்பி அனுப்பக் காசு ஏது? வாசலுக்கு வந்து மாமாவைப் போனில் கூப்பிட்டாள். வந்த ஆத்திரத்தில் சலாம்கூடச் சொல்லவில்லை.

"மூட்டையில வால்நட்டை யாரு போட்டது?"

"பார்த்துட்டியா!" மாமா குரலில் அப்படி ஒரு பூரிப்பு. "ஊரே உக்காந்து உடைச்சதும்மா. நீ அங்க படற பாட்டைக் கேட்டு, கிழவிங்க எல்லாம் அவங்கவங்க மரத்துக் காயைக் கொண்டாந்து குடுத்தாங்க. வெறும் மல்பெரியை எவன் அனுப்புவான்? பிச்சைக்காரனுக்குக்கூட ரெண்டு வால்நட் வெச்சுத்தானே குடுப்போம். நீ எங்க வீட்டுப் பொண்ணு."

"என் குடியைக் கெடுத்துட்டீங்க மாமா!" என்று கத்தினாள். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எரிக்கப் போகிறார்கள் என்றாள், கடைக்காரர்கள் இனி வரமாட்டார்கள் என்றாள், குழந்தைக்கு மூச்சு நிற்கும் கதையையும் சொன்னாள். வருஷக்கணக்காக லூட்கேயிடம் கத்த முடியாமல் வைத்திருந்ததை எல்லாம் சேர்த்துக் கொட்டினாள்.

அவள் கொட்டி முடித்ததும் மாமா ஆரம்பித்தார்.

"துணி விரின்னு சொன்ன, விரிச்சேன். வலை கட்டுன்னு சொன்ன, கட்டினேன். வால்நட் போடாதேன்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

"அதைப் போய் சொல்லணுமா?"

"மாதிரிப் பையிலயும்தான் போட்டிருந்தேன். அப்பவே சொல்லியிருக்கலாமே. அதை என்ன பண்ணின?"

மஹ்ஜபீனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பை வந்த அன்று தேநீர்க் கோப்பையோடு சமையலறையில் உட்கார்ந்து, ஒரு பருப்பு இரண்டு பழம் என்று, ஊரில் தின்கிற மாதிரியே எடுத்து எடுத்துத் தின்றிருந்தாள். பருப்பு தீர்ந்த பிறகு மிச்சமிருந்த மல்பெரியைத்தான் சோதனைக்கூடத்துக்குக் கட்டி அனுப்பினாள். மல்பெரியோடு வால்நட் இருந்ததில் அவளுக்கு என்ன அதிசயம்?

"தின்னுட்டேன் மாமா."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."



"நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார்.

"நல்லா இருந்துச்சு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, எரிக்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போட உள்ளே போனாள்.