பதினேழாம் விதியும் மூன்று விநாடியும்

குழுவில் அவருக்குப் 'பதினேழு' என்றே பெயர். ஒரு கணினி எங்கோ தொலைவில் இருக்கும் இன்னொரு கணினியிடம் வேலை சொல்லிச் செய்ய வைக்கிறதே, அதற்குப் பல நாடுகளுக்கும் பொதுவான விதிகளை எழுதும் குழு அது. அதில் பதினேழாம் விதி அவர் எழுதியது. மூன்று விநாடிக்குள் பதில் வராவிட்டால் அதே வேலையை மறுபடி சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இந்த ஒன்றரை வரிக்காக இரண்டு வருடம் எல்லோர் தலையையும் தின்றார். மனிதருக்கு உடும்புப் பிடி.

அவருடைய ஒரே மகள் மருத்துவமனையில் நர்ஸ். அந்த வாரம் அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். படுக்கையருகே இருந்த மருந்து பம்புக்கு அவள் கணினி வழியாகக் கட்டளை கொடுக்க, மருந்து இரண்டு முறை இறங்கியிருந்தது. நோயாளி, ஒரு பள்ளி வேன் ஓட்டுநர், பிழைக்கவில்லை.

"பட்டனை ஒரே ஒரு தடவைதான்ப்பா அழுத்தினேன்" என்றாள், சாப்பாட்டில் கை வைக்காமல்.

"பதட்டத்துல கை தவறியிருக்கும். நல்லா யோசிச்சுப் பாரும்மா."

அவள் எழுந்துபோய்த் தட்டைக் கழுவி வைத்தாள். பிறகு அவரோடு பேசவில்லை. ஊரே சந்தேகப்படட்டும், பெற்ற அப்பன் அப்படிக் கேட்டிருக்க வேண்டாம்.

மறுநாள் அலுவலகத்தில் மனம் கேட்காமல், அவளுக்கு வந்த விசாரணைக் கடிதத்தின் நகலைப் பிரித்தார். மருந்து இறங்கிய நேரங்கள் இரண்டும் அதில் இருந்தன. நடுவே சரியாக மூன்று விநாடி. கட்டளை போய்ச் சேர்ந்திருக்கிறது, பம்பும் வேலையை முடித்துவிட்டது, 'முடிந்தது' என்ற பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கிறது. பதில் வராததால் கணினி மறுபடி சொல்லியிருக்கிறது, அவர் எழுதி வைத்தபடியே.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. விதிகளின் வரைவைப் படித்துவிட்டு யார் கருத்து அனுப்பினாலும் அதை அட்டவணையில் ஏற்றி, எதிரே பதில் எழுதியாக வேண்டும். எட்டு வருடத்துக்கு முந்தைய அட்டவணையைத் தேடி எடுத்தார். முன்பின் தெரியாத ஒரு பொறியாளர் பதினேழாம் விதி பற்றி எழுதியிருந்தார்: "ஒவ்வொரு கட்டளைக்கும் ஓர் எண் கொடுங்கள். அதே எண் திரும்ப வந்தால் வேலையைச் செய்யாமல் பழைய பதிலை மட்டும் அனுப்பட்டும்." எதிரே இவருடைய பதில்: "தேவையற்ற சுமை. ஏற்கவில்லை." அதை எழுத ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அந்தத் தாளோடு விசாரணைக்குப் போனார். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். ஓரத்து நாற்காலியில் மகள். அவளுக்குப் பின்னால் இறந்தவரின் மனைவி.

"'ஏற்கவில்லை'ன்னு இதை எழுதினது யாரு?" என்றார் தலைமை மருத்துவர், தாளை உரக்கப் படித்துவிட்டு.

"நான்தாங்க. என் பொண்ணு ஒரு தடவைதான் அழுத்தினா. ரெண்டாவது தடவை போனது நான் எழுதின விதியால."

இறந்தவரின் மனைவி நிமிர்ந்தாள். "அப்போ எட்டு வருஷம் முன்னாடியே ஒருத்தர் சொல்லியிருக்காரு?"

"சொன்னாரும்மா. நான்தான் காதுல போட்டுக்கல." தாளை எடுத்து அவளிடம் நீட்டினார்.

மகளை மறுபடி வேலைக்கு வரச் சொன்னார்கள். பதினேழாம் விதிக்கு எதிரான ஆட்சேபணையை அவரே, தன் பெயரிலேயே, அங்கிருந்தே கைபேசியில் குழுவுக்கு அனுப்பினார்.

வெளியே பேருந்து நிறுத்தத்தில் மகள் நின்றிருந்தாள். அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"உன்னை நம்பியிருக்கணும். அப்பாவை மன்னிச்சிடும்மா."

அவள் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று விநாடி போனது. அடுத்தடுத்து மூன்று பேருந்துகள் போயின. மறுபடி சொல்ல வாயெடுத்தவர், மூடிக்கொண்டார். அவள் காதில் விழுந்திருக்கும். அது போதும் என்று நின்றார்.