என் மகளும் என்னை அத்தை என்றாள்

பெண் பார்க்க வந்த அன்றே அவர் சொல்லிவிட்டார். இறந்துபோன அக்காவின் மகள் தன்னிடம்தான் வளர்கிறாள், கல்யாணத்துக்குப் பிறகும் தன்னோடுதான் இருப்பாள் என்று. பிள்ளையின் அப்பா கேரளாவில் வேறு குடும்பம் ஆகி, வருவதையே நிறுத்திவிட்டாராம். பழனியில் கடை வைத்திருந்த எங்கள் வீட்டில் சில நாள் இதே பேச்சாக இருந்தது. அவர் மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. சரி என்றேன்.

கொடைக்கானல் மலையில் இருக்கும் அவர் ஊரான பூண்டிக்கு நான் வந்தபோது அவளுக்கு ஏழு வயது. மாமாவின் மனைவி என்பதால் என்னை அத்தை என்றாள். அப்படிக் கூப்பிடுவதும் அபூர்வம்தான். பசித்தால் சொல்ல மாட்டாள், அடுப்படி வாசலில் வந்து நிற்பாள். அந்த வருஷத்துக் குளிர் தாங்காமல் நான் கம்பளிக்குள் சுருண்டு கிடந்த ஒரு நாள், தன் குல்லாவைக் கழற்றி என் தலைமாட்டில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள்.

ஒருவருக்கொருவர் பழகிவிட்டோம் என்று நினைத்திருந்தபோது நான் உண்டானேன். வீட்டுக்காரரின் பெரியம்மா பார்க்க வந்தார். உனக்கென்று ஒன்று வரப்போகிறது, இவளைக் கொடைக்கானலில் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டால் நன்றாகப் படிப்பாள் என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவரை எதிர்த்துப் பேச வேண்டாம் என்று டீ போட எழுந்துகொண்டேன். பிள்ளை உள்ளறையில் இருந்தது எனக்குத் தெரியாது.

மறுநாளிலிருந்து அவள் எனக்கு முன்னால் எழுந்தாள். நான் வருவதற்குள் வாசல் பெருக்கியிருக்கும், பாத்திரம் கழுவியிருக்கும். எங்கள் ஊர்த் தண்ணீரில் காலையில் கை வைத்தால் விரல் மரத்துவிடும். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு உதவுகிறாள் என்று வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். பூண்டு அறுப்பு முடிந்த சமயம், தலை வாரிவிட உட்காரவைத்தபோதுதான் அவள் கைகளைக் கவனித்தேன். விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. எண்ணெய் தடவிக்கொண்டே, யார் உன்னை வேலை பார்க்கச் சொன்னது என்று கேட்டேன்.

கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். பிறகு, "சோலியெல்லாம் பாத்தா என்னைய ஹாஸ்டல்ல விட மாட்டீங்கள்ல, அத்தை?" என்றாள்.

"ஒரு சோலியும் பாக்க வேணாம். இது உன் வீடு. எங்கயும் அனுப்ப மாட்டோம்" என்றேன். தலையாட்டினாள். ஆனால் மறுநாள் காலையிலும் பாத்திரச் சத்தம் கேட்டது. அவரும் சொல்லிப் பார்த்தார். அதற்கும் தலையாட்டினாள்.

ஏழாம் மாதம் வளையல் போட்டு, பிரசவத்துக்குப் பழனிக்கு அழைத்துப் போக அம்மா வந்தார். நான் மலையிறங்கினால் இந்தப் பிள்ளை என்ன நினைக்கும் என்பதே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. போகமாட்டேன் என்றேன். தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு வராத பெண் உண்டா என்று அம்மா கோபித்துக்கொண்டு போனார். ஒன்பதாம் மாதம் தானே மூட்டை முடிச்சோடு வந்து சேர்ந்தார். நான் எங்கேயும் போகப்போவதில்லை என்று தெரிந்த பிறகுதான் பிள்ளை வெயில் ஏறும்வரை தூங்க ஆரம்பித்தாள்.

எனக்குக் கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தாள். குழந்தைக்குப் பேச்சு வந்தபோது அக்காவைக் கேட்டுக் கேட்டு, என்னைப் பார்த்து "அத்தே" என்றது. எல்லோரும் சிரித்தோம். பெரியவள் மட்டும் சிரிக்கவில்லை. ஏதோ தப்புச் செய்துவிட்டவள்போல முகம் வாடிவிட்டது. அன்றிலிருந்து குழந்தையை மடியில் வைத்து, என்னைக் காட்டி, "அம்மா சொல்லு, அம்மா" என்று பழக்கினாள். அது அவள் வாயையே பார்த்துவிட்டு மறுபடியும் அத்தே என்றது.

சொல்லிக் கொடுத்துப் பயனில்லை என்று அவளே என்னை அப்படிக் கூப்பிடத் தொடங்கினாள். "அம்மா, தண்ணி குடுங்க" என்பாள், குழந்தைக்குக் கேட்கும்படி உரக்க. குழந்தை தூங்கிவிட்டால் மறுபடியும் அத்தை. எப்படிக் கூப்பிட்டாலும் நான் என்னம்மா என்று திரும்பினேன். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. வர வர, குழந்தை தூங்கும்போதும் சில சமயம் அம்மா என்று வந்துவிடும். அவளும் திருத்திக்கொள்ள மாட்டாள்.

இப்போது பெரியவள் பிளஸ் டூ. சின்னவள் பள்ளிக்கூடம் போகிறாள், என்னை அத்தை என்பது இன்னும் மாறவில்லை. வீட்டில் அம்மா இல்லையா என்று டீச்சர் கேட்டதற்கு, "இருக்காங்க டீச்சர், அத்தைதான் எங்க அம்மா" என்றாளாம். விளக்கம் சொல்ல மறுநாள் வீட்டுக்காரர் போனார். முறைகளையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் தனக்கே குழம்பிவிட்டது என்று சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்.