ராஜரத்தினம் செதுக்கிப் போட்ட வெள்ளை

மந்தைவெளி மார்க்கெட்டுக்கு எழுபதுகளிலிருந்தே மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஐஸ் பாளம் கொண்டுவருபவர் ராஜரத்தினம். பாளத்தின் நடுவே ஒரு பகுதி பால்போல் வெளுத்திருக்கும். தண்ணீர் உறையும்போது காற்று அங்கே போய் அடைபட்டுக்கொள்ளும். அதை அவர் ஜூஸ் கடைக்குக் கொடுக்க மாட்டார். செதுக்கி, மீன் விற்கும் சுப்பம்மாவிடம் போட்டுவிடுவார். மற்றபடி பெரிய ஒழுங்குக்காரர் என்று சொல்ல முடியாது. சொன்ன நேரத்துக்கு வந்ததே இல்லை.

1996 ஜனவரியில், மயிலாப்பூர்ப் பள்ளி ஒன்றின் அறிவியல் கண்காட்சிக்கு வேம்பு டீச்சர் ஒரு பாளம் கேட்டார். துருவப் பனியை ஆழமாகத் துளைத்து எடுத்தால், அதன் குமிழிகளில் லட்சம் வருஷத்துக்கு முந்தைய காற்று கிடைக்கிறது. அதையும் பனியையும் சோதித்தால் அன்று பூமி எவ்வளவு குளிர்ந்திருந்தது என்று தெரிந்துவிடும். இதை விளக்க டீச்சர் ஆறு மாதம் உழைத்திருந்தார். பத்து மணிக்கு நடுவர்கள் வருவார்கள். ஒன்பதேகாலுக்கு ராஜரத்தினம் கோணியைப் பிரித்தார்.

கண்ணாடி மாதிரி ஐஸ். ஒரு குமிழி இல்லை.

"நடுவுல வெள்ளையா இருக்குமே, எங்கே?"

"ஸ்கூலுக்குப் போயி அத்தக் குடுப்பனா டீச்சரம்மா? செதுக்கிட்டேன்."

"அதுதானே வேணும்! காத்து அதுக்குள்ளதான் அடைஞ்சுண்டு இருக்கு."

"அடப்பாவமே. இருவது வருசமா காத்தையா தூக்கிப் போட்டுக்கினு இருந்தேன்?"

வண்டியைத் திருப்பினார். சுப்பம்மா அதை வஞ்சிரத்தின் மேல் அடுக்கியிருந்தாள்.

"குட்த்தத திருப்பிக் கேக்குறியே, வெக்கமா இல்ல?"

"ஸ்கூலுக்கு வேணும்மே. இந்தா, கண்ணாடி ஐஸ் வச்சுக்க."

குழாயடியில் அந்த வெள்ளையை மூன்று முறை கழுவி எடுத்துக்கொண்டு, பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் வந்து சேர்ந்தார்.

டீச்சர் ஒரு துண்டை வெந்நீரில் இட்டார். குமிழிகள் சரம்சரமாய் எழுந்தன. நடுவர் அம்மாள் குனிந்து பார்த்து, மூக்கைச் சுளித்தார். "என்ன வாசனை இது?"

வாசலிலிருந்து ராஜரத்தினம் சொன்னார்: "வஞ்சிரம்மா. ஒரு மணி நேரம் மீன் மேல கெடந்துது. எங்க கெடந்தாலும் ஐஸு மறக்காது. டீச்சரம்மா சொல்றதும் அதான்."

அம்மாள் சிரித்துவிட்டார். இரண்டாம் பரிசு.

இன்றும் ஜூஸ் கடைக்கு அவர் வெள்ளையைக் கொடுப்பதில்லை. ஆனால் சுப்பம்மாவிடம் போடுமுன் ஒரு சில்லை டம்ளர் தண்ணீரில் போட்டு, குமிழி எழுவதைப் பார்க்கிறார்.

"இன்னா சொல்லுது உன் ஐஸு?" என்பாள் சுப்பம்மா.

"நேத்தும் வெயில்தானாம்."