ஐந்து ஈய வளையங்கள்

ஆர்டித் மெக்கிட்ரிக்கைப் பற்றி எங்கள் ஊரில் ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். கொழுப்புத் தடவ மறந்துவிட்டாளாம். கை நடுங்கியதாம். இந்த வயதில் அவளுக்கு எதற்கு இந்த வேலை என்று ஒரு கேள்வி வேறு. கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்று சுடுகளத்தில் பாதுகாப்புப் பொறுப்பாளன் என்று சிவப்புத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவருக்கு மூன்றடி பின்னால் நின்றவன் நான். பார்த்ததைச் சொல்லாமல் நின்றவனும் நான்தான்.

ஆர்டித்துக்கு வயது ஐம்பத்தெட்டு. மளிகைக் கடையின் இறைச்சிப் பிரிவில் இருபத்தாறு வருஷமாகக் கத்தி பிடிக்கிறார். வெட்டிய மாட்டின் கால் பங்கைத் தனியாகத் தூக்கிக் கொக்கியில் மாட்டுவார். கணவர் டார்ல் எங்கள் கருமருந்துச் சங்கத்தின் செயலாளராக இருந்தவர். கொள்ளுத்தாத்தா காலத்துத் துப்பாக்கிகளின் புது நகல்களை வைத்துக்கொண்டு, மருந்தைக் கொட்டி, ஈயக்குண்டை இடித்து இறக்கி, பின்னால், அடித்தால் பொறி கக்கும் சின்னச் செம்புத் தொப்பி மாட்டி, ஞாயிற்றுக்கிழமை தேவாலய வழிபாடு முடிந்ததும் ஓடைக்கரையில் புகை கிளப்புகிற ஆட்கள் நாங்கள். மிசூரி மலைப்பக்கத்தில் இப்படி ஒரு சங்கம் இல்லாத ஊர் குறைவு.

அந்தச் சங்கத்தில் நாற்பது பேரும் சுடும் குண்டுகளை முப்பது வருஷமாக ஆர்டித்தான் தன் கார் ஷெட்டில் ஈயம் உருக்கி வார்த்தார். பக்கத்து அறைக்கு நெருப்புப் பரவாமல் இருக்கக் குண்டின்மேல் தடவும் கொழுப்பும் அவர் கைப்பக்குவம்தான். ஆட்டுக் கொழுப்பையும் தேன்மெழுகையும் காய்ச்சித் தகர டப்பாவில் ஊற்றித் தருவார். எங்கள் அலமாரியில் இருக்கிற கோப்பைகள் எல்லாமே அவர் குண்டில் வென்றவை. நீங்களும் ஒருமுறை சுட்டுப் பாருங்களேன் என்று அவரிடம் கேட்ட ஆள் ஒருவன் கிடையாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

டார்ல் இறந்து ஒரு வருஷம் கழித்து, மார்ச் மாதக் கூட்டத்தில் ஆர்டித் எழுந்து நின்றார்.

"அக்டோபர் போட்டியில நானும் சுடப்போறேன். ரிவால்வர்ல. எதுன்னு இனிமேதான் பாத்து வாங்கணும்."

அவ்வளவுதான், ஆலோசனை மழை கொட்டியது. எங்கள் ஆட்களுக்கு வாய் மட்டும் எப்போதும் காய்வதில்லை. தலைவர் ராய்ஸ் டாக்கெட்தான் முதலில் ஆரம்பித்தார். அவருக்குத் தெரியாத விஷயம் இந்த மாவட்டத்திலேயே கிடையாது, அவரைக் கேட்டால்.

"பித்தளைச் சட்டம் போட்டதா ஒண்ணு வாங்கிக்கோ கண்ணு. பளபளன்னு இருக்கும், கனமும் இருக்காது."

"பித்தளை மெத்துனு இருக்குமே ராய்ஸ். நெறைய சுட்டா சட்டம் இளகிடாதா?"

"நீ என்ன, போருக்கா போற?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆர்டித் சிரிக்கவில்லை. மறுநாளே துப்பாக்கிக் கடைக்குப் போய் அங்கிருந்த எல்லாவற்றையும் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறார். கடைசியில் முழு எஃகுச் சட்டம் போட்ட ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். குண்டு அறைகள் இருக்கும் உருளைக்கு மேலே பாலம் மாதிரி ஒரு பட்டை ஓடும். எத்தனை சுட்டாலும் ஆடாது. அதை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

உடனே வாங்காததற்குக் காரணம் எங்கள் சங்கத்தின் வழக்கம். புதிதாக வருகிறவர் முதல் ஐந்து குண்டுகளை ஒரு பழைய உறுப்பினரின் துப்பாக்கியால்தான் சுட வேண்டும். துப்பாக்கி தருகிறவரே மருந்தும் தொப்பியும் தருவார். வேண்டாம் என்றால் அவரை அவமதித்த மாதிரி. ஐந்தையும் அசம்பாவிதம் இல்லாமல் சுட்டால் போட்டியில் இடம். ஏதாவது நடந்துவிட்டால் ஒரு வருஷம் களத்துப் பக்கமே வரக்கூடாது. ஆர்டித்துக்கு யார் தருவது என்று பேச்சு வரும் முன்பே ராய்ஸ் தன் பழைய பித்தளைச் சட்டத்துத் துப்பாக்கியை நீட்டிவிட்டார்.

ஜூன் மாதம், இரண்டாவது ஞாயிறு. மொத்தச் சங்கமும் கூடி நின்றது. ஆர்டித் மேசைமுன் நின்று ஐந்து அறைகளில் மருந்து போட்டார். பாதுகாப்புக்காக ஆறாவது எப்போதும் காலியாக இருக்க வேண்டும். தான் வார்த்த குண்டுகளை ஒவ்வொன்றாக வைத்து நெம்புகோலால் இறக்கினார். குண்டு அறையைவிட ஒரு மயிரிழை பெரிதாக இருக்கும். இறங்கும்போது அறையின் விளிம்பு அதைச் சீவி, மெல்லிய ஈய வளையம் ஒன்று வெளியே வரும். நாங்கள் அதை ஊதித் தள்ளுவோம். ஆர்டித் ஒவ்வொன்றையும் பொறுக்கி ஒரு மிட்டாய் டப்பாவில் போட்டார். இறைச்சி வெட்டுகிறவர் அல்லவா, துண்டு துணுக்கை வீணாக்க மனசு வராது. அடுத்த முறை உருக்கும்போது அதுவும் சட்டியில் விழும். பிறகு குண்டுகளின்மேல் கொழுப்பை வழித்துத் தடவினார். விரலில் ஒட்டியதைத் துடைத்துக்கொண்டதுகூட எனக்கு நினைவிருக்கிறது.

தொப்பி மாட்ட வேண்டியதுதான் பாக்கி. ராய்ஸ் தன் டப்பாவிலிருந்து ஒரு தொப்பியை எடுத்து அவரிடம் கொடுத்தார். உருளையின் பின்னால், அறைக்குள் திறக்கும் துளையுள்ள மூக்கில் அது கழன்று கழன்று ஆடியது.

"இது பெரிசா இருக்கே ராய்ஸ். பதினொண்ணாம் நம்பரா? இந்த மூக்குக்குப் பத்துதானே?"

"எல்லாம் சரியாயிடும், கொண்டா."

ராய்ஸ் ஒவ்வொரு தொப்பியையும் இரண்டு விரலால் நசுக்கி, முட்டை வடிவமாக்கித் தானே மாட்டினார். எங்களில் பாதிப் பேர் செய்கிற வேலைதான். நானும் செய்திருக்கிறேன். நசுக்கிய தொப்பி பிடித்துக்கொண்ட மாதிரி தெரியும், ஆனால் ஓரத்தில் சந்து இருக்கும். தவறு என்று தெரிந்தே செய்கிற தவறு. அன்று நிறுத்தியிருக்க வேண்டியவன் நான். தோளில் சிவப்புத் துண்டு வேறு.

முதல் குண்டு இலக்கின் கரும்புள்ளியில் பட்டது. இரண்டாவதும் பட்டது. மூன்றாவதுக்கு விசையை இழுத்தபோது காதைப் பிளக்கிற மாதிரி ஒரே சத்தம், முகத்தை மறைக்கிற புகை. ஒன்று வெடிக்க வேண்டிய இடத்தில் மூன்று வெடித்திருந்தன. பழைய முறைப்படி இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்ததால் அது தப்பியது. வலது மணிக்கட்டில் மட்டும் மருந்துத் துகள் குத்தி ரத்தப் பொட்டுகள். துப்பாக்கியைக் கீழே போடாமல், வாயை மண்மேட்டைப் பார்த்தே வைத்து, மேசையில் படுக்கவைத்த பிறகுதான் ஆர்டித் திரும்பினார்.

"பாத்தீங்களா? கொழுப்புத் தடவ மறந்துட்டா!" என்றார் ராய்ஸ். "முன்னால நெருப்புப் புகுந்து பக்கத்து அறைங்களும் வெடிச்சிருக்கு. நான் அப்பவே நெனச்சேன்."

முப்பது வருஷம் நமக்கெல்லாம் கொழுப்புக் காய்ச்சிக் கொடுத்தவர் கொழுப்பை மறந்தாராம்! நான் சிவப்புத் துண்டைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

ஆர்டித் மிட்டாய் டப்பாவைத் திறந்து மேசையில் கவிழ்த்தார். ஐந்து வளையங்கள், ஒன்றுகூட உடையாமல், முழுசாக.

"எண்ணிக்கோ ராய்ஸ். அஞ்சு. இவ்வளவு இறுக்கமா எறங்கின குண்டைத் தாண்டி முன்னாலேர்ந்து நெருப்பு எப்படிப் போகும்? பின்னாலதான் போயிருக்கு. பக்கத்து ரெண்டு மூக்குலயும் உன் தொப்பி எங்க? மொத ரெண்டு வெடியோட உதறல்லயே கழண்டு விழுந்திருக்கு. கீழ தேடு, நீ நசுக்கினது அப்படியே கெடக்கும்."

கிடந்தன, இரண்டும். என் செருப்புக்குப் பக்கத்திலேயே, வெடிக்காமல், முட்டை வடிவத்தில். எல்லோரும் பார்த்தார்கள்.

"சரி கண்ணு, எப்படி நடந்தா என்ன? அசம்பாவிதம் நடந்துடுச்சு. சங்கத்து விதிமுறைன்னு ஒண்ணு இருக்கில்ல? ஒரு வருஷம். கையைத் தூக்குங்கப்பா."

"என் பேரு ஆர்டித்" என்றார் அவர்.

கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. ராய்ஸ் என்னைப் பார்த்தார். ஓடைக்கரை நிலம் ராய்ஸுடையது. அவர் நினைத்தால் சங்கத்துக்கே இடமில்லை. இதையெல்லாம் ஒரு காரணம் என்று இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நானும் கையைத் தூக்கினேன்.

மூன்று நாள் கழித்து மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நிற்க வைத்தே கேட்டார்.

"நீ பாத்தியா இல்லையா, லோவல்?"

"பாத்தேன்."

"பாத்துட்டுத்தான் தூக்கினியா?"

அவர் வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு என் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். "கடைக்கு விடு. அந்த உபகாரமாவது பண்ணு."

கடையில், எடுத்து வைக்கச் சொன்ன எஃகுத் துப்பாக்கியைக் கேட்டு வாங்கினார். மருந்து இல்லாத காலி உருளையின் மூக்குகளில் கடைக்காரரைத் தொப்பி மாட்டச் சொன்னார். பிறகு துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்து, ஈரத்துணியை உதறுவது போல உதறினார். இரண்டு தொப்பிகள் தரையில் உருண்டன. வேறு டப்பா கேட்டார். மறுபடி உதறல், மறுபடி ஒன்று விழுந்தது. நான்காவது டப்பாவில்தான் ஒன்றும் விழவில்லை.

"இதுல பத்து டப்பா கொடுங்க."

"யாருக்கு மேடம், வீட்டுக்காரருக்கா?" என்றார் கடைக்காரர்.

"எனக்கு."

அக்டோபர் போட்டி அன்று காலை நாற்பது பேரும் வந்துவிட்டார்கள். காபி கொதித்தது, கொடி ஏற்றினார்கள். கொட்டகை ஓரத்தில் எப்போதும் குண்டுப் பெட்டிகளும் கொழுப்பு டப்பாக்களும் இருக்கிற மேசை வெறுமையாக இருந்தது. பழைய இருப்பைச் சுட்டுத் தீர்த்த நான்கு மாதமும் யாருக்கும் அந்த நினைப்பே வரவில்லை. குண்டு என்பது மேசையில் தானாக முளைக்கிற பொருள் என்று நினைத்தார்கள்போல.

ராய்ஸ் முகம் சிவக்க என்னிடம் வந்தார். "என்னப்பா இது? குண்டு எங்க? போய் அவகிட்ட கேட்டியா?"

"காலையிலதான் போய்க் கேட்டேன். 'தூக்கின கைங்க நாப்பது இருக்கே, அதுங்களே வார்த்துக்கட்டும்'னு சொன்னாங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள் ஓடைக்கு அந்தப்பக்கம், ஆர்டித்தின் மேய்ச்சல் நிலத்திலிருந்து ஒரு வெடிச் சத்தம் கேட்டது. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று. மரங்களுக்கு மேலே வெள்ளைப் புகை எழுந்தது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்தும் தனித்தனியாகத்தான் வெடித்தன.

சிவப்புத் துண்டைக் கழற்றி அந்த வெறும் மேசையில் போட்டுவிட்டு வண்டிக்கு நடந்தேன். போகும்போது, அன்று தூக்கிய வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.